செபராங் பிறையின் மணல், சரளைப் படிவுகள்: டிஜிட்டல் வரைபடம் தொகுக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

பிறைக்கரை (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். எட்டு மாதமாக வேலை முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபராங் பிறையில், வடக்கே சுங்கை மூடா ஆற்றிலிருந்து தெற்கே நிபோங் தெபால் வரை மணலும் சரளையும் எங்கெங்கே படிந்து கிடக்கின்றன என்பதை ஒரே டிஜிட்டல் வரைபடத்தில் கொண்டுவர வேண்டும் என்பது ஆசை.

கையில் இருப்பவை: பழைய நிலவியல் தாள்களின் ஸ்கேன், கட்டட வேலைகளுக்காகப் போட்ட துளைகளின் போர்லாக் (எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற பதிவுத் தாள்) இருநூற்றுச் சொச்சம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் ஆற்று மணல் திட்டுகள், நானே பைக்கில் போய்ப் பார்த்துக் குறித்த பழைய மணல் குழிகள். எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டேன். மணல் என்று எங்கெல்லாம் எழுதியிருந்ததோ அந்த இடங்களைச் சேர்த்துக் கோடு இழுத்து மஞ்சள் நிறம் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் தெரிந்த ஒருவர் கேட்டார் என்று ஒரு பிரதி கொடுத்தேன். என் படம் மஞ்சள் காட்டிய இடத்தில், அவருடைய சொந்த நிலத்தில், இயந்திரம் வாடகைக்கு எடுத்துச் சோதனைக் குழி தோண்டினார். மேலே முக்கால் மீட்டர் மணல். அதற்குக் கீழே சிப்பி கலந்த சாம்பல் நிறக் களிமண். தோண்டத் தோண்ட அதுவேதான். இரண்டு நாள் வாடகை வீணானது. அவர் என்னைத் திட்டவில்லை. "படத்தில மஞ்சளா இருந்துச்சே தம்பி" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 900 மீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள், இரண்டிலும் மணல் என்று எழுதியிருக்கிறது. நடுவே உள்ள இடத்தை நிரப்பியது நான்தான். படத்தைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. இப்போது எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பத் தொகுக்க நினைக்கிறேன். எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

கலா_கட்டம் (கோலாலம்பூர்)

தம்பி, மண்ணுக்குள் போவதற்கு முன் தாளைச் சரிபாருங்கள். உங்கள் ஸ்கேன் எந்த டேட்டத்தில், அதாவது இடங்களை அளக்க எடுத்துக்கொண்ட எந்த அடிப்படையில், இருக்கிறது? நம் பழைய தாள்கள் கெர்தாவ் டேட்டத்தில் வரைந்தவை. ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே எடுத்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் எல்லாமே 100 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஆற்றங்கரைத் திட்டு ஆற்றுக்குள் போய் விழும், இல்லாவிட்டால் வயலில் ஏறி உட்காரும்.

அடுத்தது சுங்கை மூடா. அது பினாங்குக்கும் கெடாவுக்கும் எல்லை. நில அளவைத் தரவு மாநிலத்துக்கு ஒரு காசினி வரைபட முறையில் வரும். ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற அடையாள எண் உண்டு: பினாங்குக்கு 3382, கெடா பெர்லிஸுக்கு 3383. ஒரு கரை ஒன்றிலும் மறுகரை இன்னொன்றிலும் இருக்கும். இரண்டையும் தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான ஆர்எஸ்ஓ வரைபட முறைக்கு, அதாவது 3375-க்கு, மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.

அப்புறம், கோட்டின் பருமன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்றால் 1:63,360. தாளில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் 32 மீட்டர் அகலம். அந்தக் கோட்டை வீட்டு மனை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து "மணல் இங்கே முடிகிறது" என்று யாரும் சொல்லக் கூடாது. மூலத் தாளின் அளவுகோலை ஒவ்வொரு பாலிகனிலும் (எல்லை வரைந்து மூடிய வடிவம்) ஓர் அட்டவணைப் பத்தியாக எழுதி வையுங்கள்.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையில் சேமிக்கிறீர்களா? பத்தித் தலைப்புக்கு அதில் 10 பைட்தான் இடம். தமிழில் "ஆழம்" என்று எழுதினாலே யூடிஎஃப்-8-இல் 12 பைட் ஆகிவிடும், வெட்டிவிடும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகைக்கு மாறிவிடுங்கள்.

துளைமேஸ்திரி (புக்கிட் மெர்தாஜம்)

நான் 31 வருடம் துளை போட்டவன். கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது, மகள்தான் இதை டைப் செய்து தருகிறாள். ஆனால் நீங்கள் போர்லாக், போர்லாக் என்று சொல்கிறீர்களே, அதை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாஷ் போரிங் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? குழாய்க்குள் தண்ணீரைப் பம்ப் செய்வோம். அது அடியில் மண்ணைக் கரைத்து மேலே தூக்கிக்கொண்டு வரும். களியும் வண்டலும் தண்ணீரோடு தண்ணீராகக் கலங்கி ஓடிவிடும். வாய்க்காலில் கையை விட்டால் விரலில் நிற்பது மணல் மட்டும்தான். மழைக்கு முன் துளையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் "மணல்" என்று எழுதிவிட்டு அடுத்த ராடு மாட்டுவோம். பாதி களியாக இருந்த மண்ணும் தாளில் சுத்த மணலாக ஏறிவிடும்.

அதனால் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், மாதிரி எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். எஸ்பிடி குழாயில் (சுத்தியலால் அடித்து மண்ணில் இறக்கும் சோதனைக் குழாய்) எடுத்து, லேபுக்குப் போய், சல்லடை போட்ட முடிவு இருந்தால் அது நம்பத்தக்கது. கழுவி வந்த மண்ணைக் கண்ணால் பார்த்து எழுதியது என்றால் தனியாக வையுங்கள்.

சரளைக்கு வேறு சங்கடம். எஸ்பிடி குழாயின் உள்வாய் 35 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய கல் உள்ளே வராது. 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விடுவோம். கல் வாயை அடைத்துக்கொண்டால் 50 முறை அடித்தாலும் இறங்காது. குழாயைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, நுனி மட்டும் நசுங்கி இருக்கும். தாளில் "மாதிரி கிடைக்கவில்லை" என்று ஒரு வரி வரும். உங்களைப் போன்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். நாங்கள் அங்கே நின்றவர்கள், ராடைப் பிடித்திருந்த கைக்கே தெரியும். களியில் ராடு சத்தமில்லாமல் இறங்கும். மணலில் உள்ளங்கையில் நெறுநெறுவென்று இருக்கும். சரளையைத் தொட்டால் ராடு முழுவதும் கடகடவென்று ஆடி, தோள்பட்டை வரை ஏறும். அதை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இன்னொன்று. துளைகளில் பாதி, நிலத்தை மேடாக்கிய பிறகு போட்டவை. மேலே இரண்டு மீட்டர் மணல் என்று பார்த்தால் அது லோரியில் வேறு எங்கிருந்தோ வந்த மணல். அதை இந்த ஊர்ப் படிவு என்று போட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர் குழியில் வந்த முக்கால் மீட்டரும் அப்படி இருக்கலாம். உள்ளே செங்கல் துண்டு, பழைய புல்வேர் ஏதாவது கிடந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பிறைக்கரை

ஐயா, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். இப்போதே அவரிடம் போன் போட்டுக் கேட்டேன். மணல் முடியும் இடத்தில் கறுப்பாக ஒரு விரற்கடை மண், அதில் புல்வேர் இருந்ததாம். பழைய தரைமட்டம் அதுதான். நான் படிவு என்று வரைந்தது யாரோ முன்பு கொட்டிய நிரப்பு மண்.

இருநூற்றுச் சொச்சம் போர்லாக்கையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

படிவுப்பாடம் (ஜார்ஜ்டவுன்)

கல்லூரியில் நிலவியல் படித்தவன் என்ற முறையில் சில குறிப்புகள். அந்தச் சிப்பிக் களிமண்ணுக்குப் பெயர் உண்டு. நம் மேற்குக் கரைச் சமவெளியின் இளம் படிவுகளை 1980களில் வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சுந்தரலிங்கம் என்ற நிலவியலாளர். அந்த வகைப்பாட்டில் மூன்று பெயர்கள் உங்களுக்கு வேண்டும். அடியில் பழையது சிம்பாங்: நிலத்தில் ஓடிய ஆறுகள் விட்டுப்போன களி, மணல், சரளை. அதற்கு மேல் கடல் ஏறி வந்தபோது படிந்தது கூலா: பெரும்பாலும் சாம்பல் நிறக் களி, சிப்பியோடு. பெருவாஸ் என்பது அண்மைக்கால ஆறுகள் கொண்டுவந்து போட்டது. அந்தக் குழி கூலாவில் இறங்கியிருக்கிறது. அதற்கும் கீழே சிம்பாங் மணல் இருக்கக்கூடும். ஆனால் மேலே எத்தனை மீட்டர் களியை அகற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் தன் நாட்டு மணல், சரளை வளங்களை மதிப்பிட்டபோது நான்கு நிபந்தனை வைத்தது. படிவு சராசரியாக 1 மீட்டராவது தடிமனாக இருக்க வேண்டும். மேல்மண்ணுக்கும் படிவுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. நுண்துகள் 40 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. தரையிலிருந்து 25 மீட்டர் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். அது அந்த நாட்டுப் பனியாற்றுப் படிவுகளையும் ஆற்றுப் படிகளையும் மனத்தில் வைத்துச் செய்த அளவு. அதே எண்கள் நமக்கு வேண்டாம். ஆனால் "எதைப் படிவு என்று சொல்கிறேன்" என்று முதலிலேயே எழுதி வைக்கும் அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும்.

சொற்களிலும் கவனம். மண் வகைப்பாட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சரளை என்பார் ஒருவர். இன்னொரு அறிக்கை அமெரிக்க முறைப்படி 4.75 மில்லிமீட்டரில் கோடு போடும். ஒரே மண் ஓர் அறிக்கையில் சரளை, இன்னொன்றில் மணல். ஆகவே சொல்லைச் சேமிக்காமல் சல்லடை விழுக்காடுகளைச் சேமியுங்கள். எந்தச் சல்லடையில் எவ்வளவு நின்றது என்பது இருந்தால் பெயரை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இடப்பெயர்களையும் ஒரு லேயராகப் போடச் சொல்வேன். பெர்மாத்தாங் என்றால் மலாயில் பழைய கடற்கரை மணல்மேடு. பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் பாசிர், பெர்மாத்தாங் திங்கி என்று செபராங் பிறையில் எத்தனை பெயர்! சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. அது பின்வாங்கிய வழியில் வரிவரியாக விட்டுப்போன மேடுகள் இவை. மேட்டில் கம்பமும் (மலாய்க் கிராமம்) தென்னையும், இரு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் நெல்வயலும் இருக்கும். 2017-இல் பினாங்குப் பெண் என்ற பழங்கால எலும்புக்கூடு கிடைத்த குவார் கெப்பாவும் அந்தப் பக்கம்தான். கடற்கரை மக்கள் தின்று குவித்த சிப்பிமேடு இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. மக்கள் வைத்த பெயர்களை வரைபடத்தில் போட்டு, உங்கள் துளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயல்வரப்பு (கெப்பாலா பத்தாஸ் பக்கம்)

இந்த இழையை ஆசையோடு படித்துக்கொண்டு வந்தேன். ஆனால் பெர்மாத்தாங் பற்றி எழுதியதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாட்டி வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மணல்மேடு இருந்தது. பள்ளத்தில் தோண்டினால் தண்ணீர் உப்பாக, துரு வாசத்தோடு வரும். மேட்டில் இருந்த கிணற்றில் மட்டும் தெளிந்த தண்ணீர். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்கள் அங்கேதான் வாளி தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த மணல்தான் மழைநீரைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு மேட்டில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது.

ஆற்றுப் பக்கமும் பார்த்திருக்கிறேன். சுங்கை மூடாதான் பினாங்குக்குத் தண்ணீர் தருகிற ஆறு, கிட்டத்தட்ட எண்பது விழுக்காடு அதிலிருந்துதான். படுகையில் அளவுக்கு மீறி மணலை உறிஞ்சினால் கரை உள்ளே சரிகிறது, பாலத்தின் கால் வெளியே தெரிகிறது, கடல் நீர் மேலே ஏறி வருகிறது. நீங்கள் மஞ்சள் நிறத்தில் மணல் இருக்குமிடம் என்று போட்டால், அதைப் பார்ப்பவருக்கு எடுக்கலாம் என்றுதான் படும். அந்தப் படம் யார் கையில் போகும் என்று யோசித்தீர்களா?

கல்லும்மண்ணும் (பிறை)

நான் கட்டுமானப் பொருள் விற்பவன். சகோதரி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் படத்தை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். மணல் இருக்குமிடம் எடுப்பவனுக்கு ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருப்பது கம்பத்து மக்களுக்கும், திட்டம் போடுகிறவர்களுக்கும்தான். நல்ல படிவின் மேல் தெரியாமல் வீடமைப்பைக் கட்டிவிட்டு, பிறகு அதே வீட்டுக்கு மணலை வெகுதூரத்திலிருந்து லோரியில் கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறேன்.

உலக அளவில் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுகிறது என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் சொன்னது. தேவை போகப் போவதில்லை. எங்கே எடுக்கலாம், எங்கே தொடவே கூடாது என்பதை வெளிச்சத்தில் வைத்துப் பேசுவதுதான் நல்லது. ஒன்று மட்டும்: கடற்கரை மேட்டு மணலுக்கு "உப்பு சோதிக்கப்பட்டதா" என்று ஒரு பத்தி கட்டாயம் போடுங்கள். உப்பு மணலில் கம்பி துருப்பிடித்து, சிமென்டு பெயர்ந்து விழுந்த கூரையை நான் பார்த்திருக்கிறேன்.

வயல்வரப்பு

வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணே. மணல் இருக்கிறது என்பதும் எடுக்கலாம் என்பதும் ஒரே நிறத்தில் வரக் கூடாது என்கிறேன். கிணறு, தண்ணீர் எடுக்கும் இடம், பாலம், கல்லறை, கோயில் இவையும் அதே படத்தில் இருக்கட்டும்.

படிவுப்பாடம்

இதில் சட்டமும் சகோதரி பக்கம்தான். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி மணலும் சரளையும் பாறைப் பொருள். நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் அதை எடுத்துச் செல்ல 4சி படிவ அனுமதி நில அலுவலகத்திலிருந்து வர வேண்டும். ஆற்று மணலுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 2009 வழிகாட்டியும் இருக்கிறது. நிலவியலில் வளம் வேறு, இருப்பு வேறு என்போம். மண்ணுக்குள் கிடப்பது வளம். சட்டம், செலவு, சுற்றுப்புறம் எல்லாம் பார்த்து எடுக்க முடிவது இருப்பு. பிறைக்கரை தொகுப்பது வளம் மட்டும். அதைப் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

கலா_கட்டம்

இன்னொரு வகை மண்ணை மறந்துவிடாதீர்கள். இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய வெள்ளீயச் சுரங்க நிலங்களை வரைந்தபோது எனக்குக் கிடைத்த பாடம் இது. பாலோங்கின் (சுரங்க மண்ணைத் தண்ணீர் விட்டு அலசி ஈயத்தாதைப் பிரிக்கும் நீண்ட தொட்டி) வால்பக்கம் கனமான மணல் விழுந்து குவியும். குழம்பான சேறு தள்ளி ஓடிக் குட்டையில் தேங்கும். இருநூறு மீட்டருக்குள் ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் கால் புதையும் சேறு. இரண்டையும் சேர்த்து ஒரே பாலிகனாக வரைந்துவிட்டு, பிறகு அழித்தேன். மனிதர் புரட்டிப்போட்ட மண்ணுக்குத் தனி வகை வையுங்கள். உங்கள் பக்கம் நிரப்பு மண் அதில் சேரும்.

ஆற்றுத் திட்டுகளுக்குத் தேதி போடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர். மேகமில்லாத படத்தைப் பிடித்து, வெள்ளத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுங்கள். திட்டு நகர்ந்திருப்பது தெரியும். தேதியில்லாத ஆற்றுத் திட்டால் யாருக்கும் பயனில்லை.

பிறைக்கரை

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். போர்லாக் அனைத்தையும் திரும்பப் பார்த்தேன். இப்போது இப்படி இருக்கிறது.

கண்டது ஒரு லேயர். அதில் புள்ளிகள் மட்டும்: துளை, குழி, கரை வெட்டு. எந்த ஆழத்தில் என்ன வந்தது, மாதிரி எப்படி எடுத்தது, சல்லடை முடிவு உண்டா, மேலே நிரப்பு மண் எவ்வளவு, எந்த ஆண்டு. மேஸ்திரி ஐயா சொன்ன "மாதிரி கிடைக்கவில்லை" வரிகளையும் தனியாக ஏற்றியிருக்கிறேன். அப்படி 17 துளைகள். அவற்றைப் படத்தில் போட்டதும் பாதிக்கு மேல் ஒரே வளைந்த வரிசையில் வந்து நின்றன. பழைய ஆற்றுத் தடமாக இருக்குமோ என்று மனம் துடிக்கிறது. ஆனாலும் கோடு இழுக்கவில்லை.

கருதியது இரண்டாவது லேயர். நான் வரைந்த எல்லைகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எந்தப் புள்ளிகளை நம்பி வரைந்தேன், மூலத் தாள் எந்த அளவுகோல் என்று எழுதியிருக்கிறேன். புள்ளியிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் போனால் கோடு விட்டுவிட்டுத்தான் வரும். பழைய மஞ்சளில் பாதிகூட மிஞ்சவில்லை. மீதியில் துளையே போடாத இடத்துக்குச் சாம்பல் நிறம், "பார்க்கப்படவில்லை" என்று. துளை போட்டு மணல் வராத இடம் வெள்ளை. முன்பு இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தன.

தொடக் கூடாதது மூன்றாவது. கிணறு, நீர் எடுக்குமிடம், பாலம், கோயில், கல்லறை. இந்த லேயரை அணைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அணையும்படி கட்டியிருக்கிறேன். தனியார் கிணறுகளின் சரியான இடத்தை வெளியிடவில்லை, மேட்டின் பெயர் மட்டும் வரும்.

வயல்வரப்பு அக்கா, பாட்டி தண்ணீர் எடுத்த அந்த மேடு எது என்று தனிச்செய்தியில் சொன்னால் முதலில் அதைப் போடுகிறேன்.

வயல்வரப்பு

சொல்கிறேன் தம்பி. அம்மாவிடம் கேட்டு, மேடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று சரியாகக் குறித்து அனுப்புகிறேன். இப்போது அங்கே கடைவீடுகள் நிற்கின்றன.

துளைமேஸ்திரி

அந்த 17-இல் ஆறு என் துளைகளாகத்தான் இருக்கும், எண்ணைப் பார்த்தேன். என் கைநோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. கட்டம் இல்லாததை எல்லாம் அதில் ஓரத்தில் எழுதி வைப்பேன், எந்த ஆழத்தில் ராடு ஆடியது என்பது உட்பட. சில பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், கேமரா கொண்டு வாருங்கள். நோட்டை வெளியே தர மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். என் கையெழுத்து வேறு யாருக்கும் புரியாது.